கேட்டுச் சரிபார்ப்பவரைக் கடிந்துகொள்ளலாமா?

2018 பிப்ரவரி 6 அன்று மாலை, கும்பகோணத்தைத் தலைமையகமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் ஓர் அச்சுப்பொறி வேலை செய்யாமல் போயிற்று. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்குரிய 'ஸ்விஃப்ட்' அமைப்புடன் இணைக்கப்பட்ட அச்சுப்பொறி அது. வங்கி அனுப்பும் கட்டளைகளுக்கு உரிய ஒப்புகைச் செய்திகள் அதில்தான் அச்சாகி வர வேண்டும். வலையமைப்பில் ஏதோ கோளாறு என்றே அன்று கருதப்பட்டது. மறுநாள் காலை முந்தைய நாளின் கணக்குகளை வழக்கம்போல் ஒத்துப் பார்த்தபோதுதான், வங்கி பிறப்பிக்காத 3 கட்டளைகள் அதன் பெயரால் வெளியே சென்றிருப்பது தெரியவந்தது. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஃபிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, மீண்டும் நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குச் சென்ற தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அச்சுப்பொறி தானாகப் பழுதாகவில்லை. ஒப்புகைச் செய்திகள் யார் கண்ணிலும் படாதிருக்கத் திருடர்களே அதனை முடக்கியிருந்தனர்.

மற்றொரு வங்கிக்கு நேர்ந்த இடரை எங்கள் இதழில் எழுதுவது முறைதானா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஆயினும் அவ்வங்கி நடந்ததை மறைக்காமல் உலகறியத் தானே சொன்னது. அந்த வெளிப்படைத் தன்மையால்தான் நம்மைப் போன்றோர் இன்று அதிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ள முடிகிறது. தவிரவும், அந்த அச்சுப்பொறியின் இடத்தில் எங்கள் கிளையின் அச்சுப்பொறி இருந்திருந்தாலும் நாங்களும் அவ்வாறே நினைத்திருப்போம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அச்சுப்பொறி நின்றுபோவது அலுவலகங்களில் ஒரு செய்தியே அன்று.

இதற்குச் சரியாக 2 ஆண்டுகளுக்கு முன் வங்காளதேசத்தின் மத்திய வங்கியில் நடந்ததும் இதுவே. 2016 பிப்ரவரி 4 வியாழக்கிழமை இரவு, நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்குச் சற்றே கூடுதலான தொகையை எடுக்க 35 போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. மறுநாள் வெள்ளி, அந்நாட்டில் விடுமுறை. அங்கும் அச்சுப்பொறி நின்றுபோயிருந்தது. அங்கும் வழக்கமான பழுது என்றே ஊழியர்கள் எண்ணினர். இறுதியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் சென்று சேர்ந்தது. திருடர்கள் உள்ளே நுழைந்த வழியைப் பின்னர் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் ஆராய்ந்தனர். வேலை கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பம் போலத் தோற்றமளித்த மின்னஞ்சல்கள் ஓராண்டுக்கு முன்பே வங்கி ஊழியர்களுக்கு வந்திருந்தன. வேலை தேடும் ஓர் இளைஞரின் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பது குற்றமா? நல்ல மனம் படைத்த எந்த அலுவலரும் அதைத்தான் செய்திருப்பார்.

நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 'ஊழியர்களின் கவனக்குறைவு' என்ற ஒரே சொற்றொடரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றனர். அதனோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 20 ஆண்டுகளுக்கும் மேலாக வங்கி மேசையின் இப்புறம் அமர்ந்திருக்கும் நாங்கள் கண்டவரை, ஆபத்தை உள்ளே அழைத்துவரும் பழக்கங்களுள் பெரும்பாலானவை சோம்பலால் தோன்றியவை அல்ல. விரைவாக வேலை முடிக்க வேண்டும், காத்திருப்பவரை வருந்தச் செய்யக் கூடாது, மேலிருப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்ற நல்லெண்ணங்களால் தோன்றியவை. அவற்றை வளர்ப்பவர்களுள் நிறுவன உரிமையாளர்களும் உண்டு, வங்கி வாடிக்கையாளர்களும் உண்டு, நாங்களும் உண்டு.

எங்கள் குறையையே முதலில் சொல்லிவிடுகிறோம். கைரேகை வைத்துக் கணினியில் நுழையும் முறை வருவதற்கு முந்தைய காலம். பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் நாங்கள் பணியாற்றிய கிளை ஒன்றில் மாதத்தின் முதல் நாள்களில் ஓய்வூதியர்களின் வரிசை வாசற்படி வரை நீளும். ஒப்புதல் அளிக்க வேண்டிய அலுவலர் உணவருந்தச் சென்றால், அவரது கடவுச்சொல்லைக் கொண்டு மற்றவர் ஒப்புதல் அளித்துவிடுவதே நடைமுறை. யாரும் அதனைத் தவறாகக் கருதவில்லை. சொல்லப்போனால் கடவுச்சொல்லைத் தர மறுப்பவரே சக ஊழியரை நம்பாதவர் என்று பெயரெடுத்தார். அதனால் ஒரு ரூபாய் கூட இழப்பு ஏற்பட்டதில்லை. பழக்கம் பல ஆண்டுகள் நீடித்ததற்கு அதுவே காரணம். ஒரு தணிக்கையின்போது, "இந்த ஒப்புதலை அளித்த நேரத்தில் நீங்கள் விடுப்பில் அல்லவா இருந்தீர்கள்?" என்று தணிக்கையாளர் கேட்டபோது எங்கள் சக அலுவலரின் முகம் வெளிறியதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

இப்போது எங்கள் வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்கு வருவோம். வாளையாறு, கஞ்சிக்கோடு தொடங்கி கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கியின் பக்கத்தில் மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வரையிலும் உள்ள எல்லையோர ஊர்களில் சிறு நிறுவனங்களே மிகுதி. ஏலக்காய் வணிகம், தேங்காய் மண்டி, சரக்கு லாரி நிறுவனம், உதிரிபாகப் பட்டறை. உரிமையாளர், ஒரு கணக்கர், ஓர் உதவியாளர் என மூவர் அமர்ந்தால் அதுவே தலைமையகம். இவர்களுக்கு இணைய வங்கிச் சேவையை அளிக்கும்போது, பணம் அனுப்பும் பதிவைச் செய்பவர் ஒருவராகவும், அதற்கு ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் இருக்குமாறு அமைத்துத் தருகிறோம். வங்கி வழக்கில் முன்னவர் 'மேக்கர்', பின்னவர் 'செக்கர்'. வணிகவியல் படித்தோர் அனைவரும் அறிந்த பழைய கோட்பாடுதான் இது: பெட்டியின் சாவியும் பேரேடும் ஒரே கையில் இருக்கலாகாது.

ஆனால் நடப்பது என்ன? ஏலக்காய் வணிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அவர் பகல் முழுதும் அமர்ந்திருக்க வேண்டும். ஏலத்தில் எடுத்த சரக்குக்கு உரிய தேதியில் பணம் செலுத்தியாக வேண்டும். மலைச்சாலையில் ஒரு வளைவில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும், அடுத்த வளைவில் கிடைக்காது. ஒருமுறைக் கடவு எண் வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். எனவே அவர் தம் ஒப்புதல் கடவுச்சொல்லையும், கடவு எண் வந்து சேரும் சிறிய கைப்பேசியையும் கணக்கரின் மேசையிலேயே வைத்துவிட்டுப் புறப்படுகிறார். அவரை நாங்கள் மூடர் என்று சொல்லமாட்டோம். அவருடைய இடத்தில் இருந்தால் நாங்களும் அப்படிச் செய்யத் தூண்டப்படுவோம். எனினும் அந்த நிமிடத்திலிருந்து அந்நிறுவனத்தில் இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரே செய்கிறார். சரிபார்த்தல் என்பது பெயரளவில் மட்டுமே உள்ளது. கணக்கர் நேர்மையானவர் என்பதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அந்தக் கணினியில் வேறொருவர் புகுந்துவிட்டால் அவருக்கும் இரு சாவிகளும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கணக்கு மென்பொருளைப் பழுதுபார்க்க வெளியூர்க்காரர் ஒருவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவிவிட்டுச் செல்வதும், வேலை முடிந்த பின்னும் அது அப்படியே கிடப்பதும் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து அவர்களுக்கு மூலப்பொருள் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு சனிக்கிழமை பிற்பகலில் மின்னஞ்சல் வந்தது: 'எங்கள் கணக்கில் தணிக்கை நடைபெறுவதால் இம்முறைக்கான தொகையைக் கீழ்க்கண்ட புதிய கணக்குக்கு அனுப்புக.' பழைய மின்னஞ்சல்களின் தொடர்ச்சியாகவே அது இருந்தது. விலைப்பட்டியல் எண் சரி, தொகை சரி, கையொப்பமிடும் மேலாளரின் பெயரும் சரி. திருடர்கள் ஏதோ ஒரு பக்கத்தின் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து, பல நாள்கள் வாசித்து, பணம் கைமாறும் வேளைக்காகக் காத்திருந்திருக்கின்றனர். கணக்கர் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை அனுப்பினார். திங்கட்கிழமை மாலை கோயம்புத்தூரிலிருந்து, "பணம் இன்னும் வரவில்லையே" என்று அழைப்பு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நாங்கள் எதிர் வங்கியைத் தொடர்புகொண்டபோது அக்கணக்கில் எஞ்சியிருந்தது 31 ஆயிரம் மட்டுமே.

"ஏன் ஒரு தொலைபேசி அழைப்புக்கூடச் செய்யவில்லை?" என்று உரிமையாளர் எங்கள் முன்னிலையிலேயே கணக்கரைக் கேட்டார். கணக்கர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "போன மாதம் ஒரு பில்லுக்காகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சின்ன விஷயத்துக்கெல்லாம் பார்ட்டியைத் தொந்தரவு செய்யாதே என்றீர்களே, சார்." அவ்வறையில் அதற்கு மறுமொழி சொல்ல எவராலும் இயலவில்லை.

இத்தகைய இழப்பில் சட்டம் எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடைபெறும் மின்னணுப் பரிமாற்றங்களில் அவருடைய பொறுப்பை வரையறுத்தது. தவறு வங்கியிடமும் இன்றி, வாடிக்கையாளரிடமும் இன்றி, வேறெங்கோ நிகழ்ந்திருந்து, தகவல் கிடைத்த 3 வேலைநாள்களுக்குள் அவர் புகார் அளித்தால், அவர்மீது எந்தச் சுமையும் விழாது. ஆனால் கடவுச்சொல்லைப் பிறருக்குத் தந்தமை போன்ற அவரது சொந்தக் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சேரும். கணக்கரின் மேசையில் கிடக்கும் அந்தக் கைப்பேசி எந்தப் பக்கத்தில் சேரும் என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டு நிகழ்விலோ நிலைமை இன்னும் கடினம். பணத்தை அனுப்பியது நிறுவனமே. எனவே அது அனுமதியற்ற பரிமாற்றம் என்ற வகைக்குள்ளேயே வரவில்லை.

அன்று இருந்த ஒரு குறை இன்று ஓரளவு நீங்கியுள்ளது. என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் கணக்கு எண்ணை மட்டுமே நோக்கிச் செல்லும். நாம் எழுதும் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கப்படுவதில்லை. பெறுபவரின் பெயரை அவரது வங்கிப் பதிவிலிருந்தே எடுத்து, அனுப்புபவருக்கு முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது. அந்தப் பட்டறைக்கு அன்று இவ்வசதி இருந்திருந்தால், மூலப்பொருள் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக முன்பின் அறியாத எவரோ ஒருவரின் பெயர் திரையில் தோன்றியிருக்கும். ஆனால் திரையில் தோன்றும் பெயரைப் படிப்பதும் ஒரு பழக்கமே. 'சரி' என்ற பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்பது விரலுக்கு மனப்பாடமான பின் கண் படிப்பதை நிறுத்திவிடுகிறது.

எங்கள் எல்லைப்புற அலுவலகங்களுக்கே உரிய ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். போலி மின்னஞ்சல்களை எழுத்துப் பிழைகளைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். வங்காளதேச நிகழ்வில் அது உண்மையிலேயே பயன் தந்தது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் கட்டளையில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபேண்டேஷன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. இலங்கையின் பான் ஏசியா வங்கியில், நம் நாட்டுக்கு இத்தனை பெரிய தொகையா என்று ஐயுற்றனர். இடையிலிருந்த டாய்ச்சு வங்கியினர் அந்தச் சொல்லைச் சுட்டி விளக்கம் கேட்டனர். அத்தொகை காப்பாற்றப்பட்டது. நம் பகுதியிலோ வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், மின்னஞ்சலில் ஆங்கிலம். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுபவர் நம்மிடையே மிகச் சிலரே. உண்மையான வணிகக் கடிதங்களிலும் பிழைகள் மலிந்திருக்கும். எனவே பிழையைக் கண்டு நாம் திடுக்கிடுவதில்லை; நாகரிகம் கருதிக் கடந்துபோகிறோம். இப்போது கணினியே பிழையற்ற ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருவதால், வருங்காலத்தில் பிழையில்லாத கடிதத்தைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டியிருக்குமோ என்று எங்கள் கிளையில் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறோம்.

ஆகவே எழுத்தை நம்பிப் பயனில்லை. குரலைக் கேட்பதே வழி. கணக்கு எண் மாறியதாக எவர் எழுதினாலும், அந்த மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணுக்கு அன்றி, நம் பழைய பேரேட்டிலோ விலைப்பட்டியலிலோ உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். நாளின் முடிவில் வங்கிக் கணக்கையும் நம் ஏட்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பதினோராம் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிக்கும்போது அதைவிடச் சலிப்பூட்டும் பாடம் வேறில்லை என்று நாங்கள் நினைத்ததுண்டு. சிட்டி யூனியன் வங்கியில் திருட்டை அடுத்த நாளே வெளிக்கொணர்ந்தது அந்தச் சலிப்பூட்டும் பாடம்தான். பணம் தவறான இடத்துக்குச் சென்றது தெரிந்தால் உரிமையாளரின் கோபத்துக்கு அஞ்சி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல், வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இவை அனைத்தும் பலருக்கும் தெரிந்தவையே. தெரிந்தும் செய்ய முடியாமற்போவது ஏன் என்பதே எங்கள் கவலை.

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காத்திருப்பு மறைந்ததற்கு மகிழாதவர் எவருமில்லை, மகிழ்ந்ததும் நியாயமே. ஆனால் அதனோடு சேர்ந்து, நிறுத்திக் கேட்பவர் யாராயினும் அவர் நம் நேரத்தைத் திருடுபவர் என்ற எண்ணமும் வணிக உலகில் வேரூன்றிவிட்டதோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. கிளையில் கையொப்பத்தை மறுமுறை ஒப்பிடும் எழுத்தரிடம் வாடிக்கையாளர்கள் காட்டும் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும். 'எத்தனை ஆண்டுகளாக வருகிறேன், என்னையே சந்தேகிக்கிறீர்களா' என்ற கேள்விக்கு அஞ்சித்தான் பல சரிபார்ப்புகள் பாதியில் கைவிடப்படுகின்றன.

இந்த ஆண்டு இடுக்கிப் பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளரான ஓர் ஏலக்காய் வணிகரின் அலுவலகத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். அட்டைப்பெட்டி தரும் நிறுவனம் கணக்கு எண் மாறியதாக எழுதியிருந்தது. பணியில் சேர்ந்து 6 மாதமே ஆன பெண் கணக்கர் பணத்தை அனுப்பாமல் நிறுத்திவைத்தார். பழைய எண்ணுக்கு அழைத்தார், எவரும் எடுக்கவில்லை. மறுநாள் மீண்டும் அழைத்து, உறுதிசெய்துகொண்ட பின்பே அனுப்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், மின்னஞ்சல் உண்மையானதே. அந்நிறுவனம் மெய்யாகவே வேறு வங்கிக்கு மாறியிருந்தது. ஒரு நாள் தாமதத்தால் பெட்டிகள் வரவில்லை. சரக்கு அடைப்பது தள்ளிப்போயிற்று. வணிகர் எங்கள் கிளைக்கு வந்து, "இந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் பயப்படுகிறது. நீங்கள்தான் ஏதாவது சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறீர்கள்" என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் உடன் வந்து, கோப்பை மார்போடு அணைத்தபடி சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

அவர் செய்ததே சரி என்று அப்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். நெடுநாளைய வாடிக்கையாளர், பெரிய கணக்கு, பருவ காலத்து நெருக்கடி. நாங்கள் சிரித்து, தேநீர் வரவழைத்துப் பேச்சை மாற்றிவிட்டோம். அவ்வணிகரும் இவ்விதழைத் தவறாமல் படிப்பவர். அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறோம். அண்ணாச்சி, உங்கள் கணக்கர் அன்று ஒரு நாள் தாமதித்தது உங்களுக்காகவே. அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்கும்போது, பெட்டி வரத் தாமதமானாலும், தயவுசெய்து தடுக்காதீர்கள்.